மூன்றாவது சரணத்துக்கு முன்

அத்தியாயம் 14

போன வாரம் பாஸ்கலைக் காதில் ஹெட்போனோடு அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டேன். 'பாவம், அவனை ஏன் ஏழு நாள் அதே நாற்காலியில் போட்டு வைத்தீர்கள்?' என்று நாலைந்து பேர் திட்டி எழுதியிருக்கிறீர்கள். திட்டுங்கள். இன்றைக்கு அவனை எழுப்பிவிடுகிறேன். எழுந்து நிம்மதியாக நடப்பான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு மாடி வீடு. பாஸ்கல் கீபோர்டு வாசிப்பவன், பாட்டுக்கு இசையமைப்பவன். அவன் மனைவி ஷாரன் பாடுபவள். போன நவம்பரில் இரண்டு பேருமாகப் படுக்கையறையிலேயே ஆறு தவக்காலப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினால் எதிரொலி வராது. ஷாரனின் கல்யாணப் புடவை வேறு எதற்குப் பயன்பட்டதோ இல்லையோ, இதற்குப் பயன்பட்டது.

டிசம்பரில் ஷாரனுக்குத் தைராய்டில் ஆபரேஷன். கட்டி, குரல் நரம்பைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். அதோடு குரலும் போய்விட்டது. இப்போது அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

அந்த ஆறு பாடல்களைத்தான் ஒரு கம்பெனி ஈஸ்டருக்குள் வெளியிடுகிறது. சாதாரணமாக அல்ல, இமர்சிவ் மிக்ஸில். அதாவது பாட்டு முன்னாலிருந்து மட்டும் வராது. பக்கத்திலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலிருந்து எல்லாம் வரும். அதற்கு, ஒன்றாகக் கலந்து முடித்த பாட்டை மறுபடி பிரித்துத் தர வேண்டும். குரல் ஒரு கோப்பு, ஆர்கன் ஒரு கோப்பு, டிரம்ஸ் ஒரு கோப்பு. இந்தத் துண்டுகளுக்கு ஸ்டெம் என்று பெயர்.

குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டபோதுதான் பாஸ்கல் நாற்காலியில் உறைந்தான்.

ஐந்தாவது பாட்டில், மூன்றாவது சரணத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி. ஆர்கனும் டிரம்ஸும் அங்கே முழங்கும், அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. அவற்றை மூடிவிட்டுக் கேட்டால், ஷாரன் மூச்சை இழுக்கும் சத்தத்துக்குப் பின்னால் ஜன்னல் பக்கமிருந்து லூர்தம்மாள் பேசுகிறார். பாஸ்கலின் அம்மா.

அன்றைக்கு அவரிடம் மிக்ஸி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, டி.வி. கூடாது என்று சொல்லியிருந்தான். போன் பேசக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டான். தோஹாவிலிருந்து சின்ன மகன் இவான் கூப்பிட்டிருக்கிறான். அந்த வீட்டில் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பால்கனியில்தான் சிக்னல் கிடைக்கும். போதாததற்கு, கடல் தாண்டிப் போகிற பேச்சைக் கத்திப் பேசினால்தான் அங்கே கேட்கும் என்பது லூர்தம்மாளின் நம்பிக்கை. உள்ளே இருந்த இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இவான், கேக்குதா? ரிப்போர்ட் வந்துட்ச்சுடா. நல்ல கட்டி இல்லியாம். சீக்கிரமா ஆபரேஷன் பண்ணிடணுமாம். ஷாரனுக்கு இன்னும் தெரியாது. பாட்டு முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்னு பாஸ்கல் சொல்லிக்கீறான்..."

அதற்குப் பிறகு மூன்றாவது சரணம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

ஆமாம். நாம் இத்தனை வாரமாக நல்லவன், பொறுமைசாலி என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய பாஸ்கல்தான். கட்டியைச் சோதித்த லேபிலிருந்து நவம்பர் நான்காம் தேதி காலையிலேயே அவனுக்குப் போன் வந்துவிட்டது. ஷாரனிடம் இருபத்து மூன்றாம் தேதிதான் சொன்னான். ரிப்போர்ட் இன்றைக்குத்தான் வந்தது என்று சொன்னான். நடுவில் பத்தொன்பது நாள்.

ஏன் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் பாட முடியாமல் போய்விடுமோ என்று பயந்தான். அதனால் முதலில் பாட்டை வாங்கிக்கொண்டான். இதை வேறு எந்த விதமாகச் சொன்னாலும் பொய்தான்.

*

சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு முகப்பேரில் தினகரனின் ஸ்டுடியோவில் எல்லா ஸ்டெம்மும் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மிக்ஸ் செய்யப்போவது தினகரன். நாளையிலிருந்து அவன் வேறு வேலையில் மாட்டிக்கொள்கிறான், ஈஸ்டர் வரைக்கும் தலை தூக்க முடியாது. விட்டால் இந்தப் பாட்டு அடுத்த வருஷம்தான்.

ஹாலில் படுத்திருந்த ஷாரன் எழுந்திருப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று பாஸ்கல் ஆறு மணிக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். திரையில் குரல் ஒரு நீளமான கோடாக ஓடியது. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அந்தக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள். அதுதான் அம்மா.

மேடுகளை மட்டும் தனியாக வெட்டிப் பார்த்தான். முடியவில்லை. ஷாரனின் மூச்சு அம்மாவின் 'நல்ல கட்டி இல்லியாம்' மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டுப் பார்த்தான். அம்மாவின் குரல் தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டு அதையே பேசியது. கடைசியில் மூச்சையும் சேர்த்து மொத்தமாக வெட்டி எறிந்தான். அந்தப் பத்து நொடியும் வெறும் மௌனமாகிவிட்டது.

முடிந்தது என்று அவன் பெருமூச்சு விட்டபோது கதவு திறந்தது. லூர்தம்மாள் டீயோடு நின்றார்.

"இன்னாடா, விடியசொல்லவே உக்காந்துகினே? கண்ணு ரெண்டும் செவந்து கீது பாரு."

"இன்னிக்குக் குடுக்கணும்மா."

"குடுப்பே, குடுப்பே. மொதல்ல இத்தக் குடி." டம்ளரை கீபோர்டின் மேலேயே வைத்தார். அவன் பதறி எடுத்தான். "நேத்துகூட பூசையில அதேதான் நெனச்சுகினேன். எல்லாம் தெரிஞ்சுகினு பாடுச்சு பாரு அந்தப் பொண்ணு. அந்த மனசு யாருக்குடா வரும்? நானா இருந்தா ஒப்பாரி வெச்சிருப்பேன்."

"அம்மா, எனக்கு வேலை கீது. போம்மா."

"இன்னா சொல்லிட்டேன் இப்ப?"

"ஒண்ணுமில்ல. போம்மா."

அவர் போனார். பாஸ்கல் டீயைத் தொடவில்லை.

*

ஒன்பது மணிக்கு ஷாரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் ஆபரேஷன் தழும்பை மறைக்கும் மெல்லிய துப்பட்டா, மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட். குச்சியால் எழுதலாம், பொத்தானை அமுக்கினால் மொத்தமும் மறைந்துவிடும். ஆவடி மார்க்கெட்டில் வாங்கியது. மூன்று மாதமாக அவள் பேச்சு முழுக்க அதில்தான்.

குரல் போன பிறகு அவள் காது இரண்டு மடங்காகிவிட்டது என்று தினகரன் சொல்வான். உண்மைதான். ஸ்டெம்களைச் சரிபார்க்க அவளைவிடக் கண்டிப்பான ஆள் கிடையாது.

ஒவ்வொரு ஸ்டெம்மும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். கஞ்சிரா கடைசி நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும், அதன் கோப்பு முதலிலிருந்து சும்மாவே ஓடி வர வேண்டும். இல்லாவிட்டால் அங்கே எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கும்போது கஞ்சிரா முதல் வரியிலேயே வந்து குதிக்கும். இரண்டாவது பாட்டில் பாஸ்கல் சரியாக அந்தத் தப்பைத்தான் செய்திருந்தான்.

"கஞ்சிராவுக்கு இன்னா அவசரம்?" என்று எழுதிக் காட்டினாள்.

அவன் சிரிக்க முயன்று, திருத்தினான்.

கடைசியில் சத்தத்தைத் தூக்கிக் காட்டும் லிமிட்டரைக் கழற்றியாகிவிட்டதா, எதிரொலியைத் தனிக் கோப்பாக எடுத்தானா என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டாள். நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாவது பாட்டின் குரலை அவள் தன் ஹெட்போனில் போட்டாள்.

'கடல்மேல் நடந்த பாதங்களே, என் கதவோரம் நில்லுங்கள்.' பாஸ்கல் எழுதிய பாட்டு. அவள் பாடியதில் அவளுக்கே ரொம்பப் பிடித்தது இது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடுகள் கூடவே அசைந்தன. பாஸ்கல் திரையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அவள் கண் திறந்தது. நிறுத்தினாள். பின்னால் போய் மறுபடி கேட்டாள். சிலேட்டை எடுத்தாள்.

"என் மூச்சு எங்கே?"

"நாய் கொலைச்சுது ஷாரு. அந்த இடத்துல சரியா. அதான் கட் பண்ணிட்டேன்."

"இந்தத் தெருவுல நாய் எப்பதான் கொலைக்காது? மூச்சு இல்லாம சரணம் செத்துப் போச்சு. போடு."

"போட முடியாதுடா. நாய் சத்தம் மேலயே..."

"எனக்குக் கேக்கணும். அந்த டேக்கைப் போடு."

"அழிச்சிட்டேன்."

பொய்க்கு மேல் பொய். அழிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து அதுதான் வந்தது. ஷாரன் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். தன் டேக்கை, இனிமேல் பாடி எடுக்கவே முடியாத பதிவை, இவன் எப்படி அழிப்பான் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் சண்டை போடவில்லை. சிலேட்டில் சண்டை போடுவது கஷ்டம். கோபம் வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"பாடத்தானே முடியாது? மூச்சு விட முடியுமே! மைக் போடு."

பீரோவைத் திறந்தார்கள். புடவைகள் தெரிந்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு ஷாரன் மைக் முன்னால் நின்றாள். பாஸ்கல் இரண்டாவது சரணத்தின் முடிவிலிருந்து பாட்டை ஓட விட்டான். அவள் தோளை நிமிர்த்தி, பழைய பழக்கத்தில் வலது கையை வயிற்றில் வைத்து, சரியான இடத்தில் மூச்சை இழுத்தாள்.

போட்டுக் கேட்டார்கள்.

பழைய மூச்சு சத்தமில்லாமல், துணியை மடிப்பதுபோல் இருக்கும். இது அப்படி இல்லை. அசையாமல் நின்றுவிட்ட குரல் நாண் வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு போயிற்று. அதற்கு அடுத்த நொடியே அந்த முழுக் குரல் வந்து நின்று பாடியது. இரண்டும் ஒரே பெண்ணுடையது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஷாரன் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கட்டிலில் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுதினாள்.

"அந்த லேப்காரன் ரிப்போர்ட்டை இழுத்தடிக்காம இருந்திருந்தா இந்த மூச்சாவது மிஞ்சியிருக்கும்."

பாஸ்கல் அதைப் படித்தான். முழுதாகப் படித்தான். ஷாரு, லேப்காரன் இல்லை, நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரு வரி.

அவன் மைக்கைக் கழற்றினான். அவள் பொத்தானை அமுக்கினாள், எழுத்து மறைந்தது.

"விட்று. மௌனமாவே போகட்டும்" என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போகச் சொல்லி அவனை விரட்டினாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது.

அவன் குளிக்கப் போன பத்து நிமிடத்தில்தான் தினகரனிடமிருந்து ஷாரனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'சிஸ்டர், ரூம் மைக் எதனா வெச்சு எடுத்திருந்தீங்கன்னா அதையும் போட்டுக்கினு வாங்க. சீலிங் ஸ்பீக்கர்ல வெச்சா அந்த ரூமே தெரியும். செமயா இருக்கும்.'

இருந்தது. அலமாரியின் மேல், ஜன்னலை ஒட்டி, அறையின் சத்தத்தைப் பிடிக்க இரண்டாவது மைக் ஒன்று வைத்திருந்தார்கள். பழைய மிக்ஸில் பாஸ்கல் அதைச் சேர்க்கவேயில்லை. மூடி, மறைத்து வைத்து, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான். ஷாரன் மறக்கவில்லை. அதில் பதிவானதைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, ஆறு பாட்டுக்கும் கோப்பாக இறக்கினாள். இறக்கும்போது கேட்க வேண்டிய அவசியம் இல்லை, நாலரை நிமிடப் பாட்டு பத்து நொடியில் இறங்கிவிடும். கேட்க நேரமும் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பாஸ்கல் ஈரத் தலையோடு வந்தபோது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

*

ஸ்கூட்டரில் அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. முதுகில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

அம்பத்தூர் ஓ.டி. தாண்டியதும் இரண்டு தட்டு விழுந்தது. ஓரமாக நிறுத்தினான். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஒதுங்கிப் போனது.

அவள் சிலேட்டை நீட்டினாள். "பயமா இருக்கு."

"எதுக்கு?"

"நல்லா இருந்தா அழுதுடுவேன். அழுதா தொண்டை வலிக்கும்."

பாஸ்கல் எஞ்சினை அணைத்தான். டாக்டரிடம் ஒரு நாள் தனியாகப் போய்க் கேட்டிருந்தான், பத்தொன்பது நாள் முன்னாலேயே வந்திருந்தால் குரல் பிழைத்திருக்குமா என்று. "சொல்ல முடியாது சார். பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்" என்று அவர் கையை விரித்துவிட்டார். குற்றவாளி என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"ஷாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். துப்பட்டா காற்றில் விலகித் தழும்பு தெரிந்தது.

"சொல்லு" என்றன அவள் உதடுகள், சத்தமில்லாமல்.

"அங்க ஏ.சி. ஜாஸ்தியா இருக்கும். துப்பட்டாவை நல்லா சுத்திக்க."

எனக்கு அவனை ஓங்கி ஒன்று போடலாம் போலிருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். என்ன செய்ய, வண்டி கிளம்பிவிட்டது.

*

தினகரனின் ஸ்டுடியோ முகப்பேரில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மாடியில் இருக்கிறது. கீழே டியூஷன் சென்டர். படி ஏறும்வரை வாய்ப்பாடு கேட்கும், கதவைச் சாத்தினால் உங்கள் இதயத்துடிப்பு கேட்கும். சுற்றி ஏழு ஸ்பீக்கர், கூரையில் நான்கு.

"வா மச்சான். வாங்க சிஸ்டர், இந்த நடு சேர்ல உக்காருங்க. அதான் ராஜா சீட்டு." டிஸ்க்கை வாங்கி மாட்டினான் தினகரன். கோப்புகள் வரிசையாக வந்து திரையில் விழுந்தன. "சூப்பரா பேர் போட்டுக்கீறீங்க. மத்தவங்க எல்லாம் 'நியூ, நியூ டூ, ஃபைனல் நியூ'ன்னு அனுப்பி உயிர எடுக்கிறானுங்க."

பாஸ்கல் பின்னால் சோபாவில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பதினைந்தாவதாக ஒரு கோப்பு இருந்தது.

ரூம்.

எழுந்துவிட்டான்.

"தினா, அந்தப் பதினஞ்சு வேணாம்டா. அது சரியா வராது."

"நான்தானே கேட்டேன் மச்சான்? சீலிங்ல வெக்கிறேன், பாரேன்."

"அதுல ஒரே இரைச்சல். எடுத்துடு."

ஷாரன் திரும்பிச் சிலேட்டைக் காட்டினாள். "நான்தான் போட்டேன். இருக்கட்டும்."

"ஷாரு, அதுல நாய்..."

"நாய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்ம ரூம் அது."

"சிஸ்டரே சொல்லிட்டாங்க" என்றான் தினகரன். ஐந்தாவது பாட்டையே முதலில் எடுத்தான். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் பாஸ்கல் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். கரண்ட் போகும் போலிருக்கிறது என்றான். வேறு பாட்டில் ஆரம்பிக்கலாமே என்றான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும், ஷாரனை வீட்டில் விட்டுட்டு வரேனே என்றான். ஷாரன் அவன் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதற்கென்று தப்பாகப் புரிந்துகொண்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது.

அவள் குரல் நேர் எதிரே, ஓரடி தூரத்தில் வந்து நின்றது. ஆர்கன் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. கோரஸ் இரண்டு பக்கமும் நின்றது. தலைக்கு மேலே, கூரையில், அவர்களுடைய படுக்கையறை வந்திருந்தது. அந்த அறையின் காற்று, தூரத்தில் போகிற மின்சார ரயில், பீரோக் கதவின் மெல்லிய கிறீச். ஷாரன் அண்ணாந்து பார்த்தாள். சொன்னபடியே அழுதாள். தொண்டை வலித்திருக்க வேண்டும், ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மூன்று மாதமாகிறது.

முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் போனது.

"இந்த எடத்துல டிரம்ஸையும் ஆர்கனையும் நான் மூடிட்டேன்" என்று தினகரன் மெதுவாகச் சொன்னான். "மூணாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு அமைதி வேணும்."

அமைதி வந்தது. எதிரே குரல் ஸ்டெம்மில் பாஸ்கல் வெட்டி வைத்த பத்து நொடி. மேலே கூரையில் எதுவும் வெட்டப்படவில்லை. முதலில் ஷாரனின் மூச்சு வந்தது, துணியை மடிப்பதுபோல் மெல்ல. அவள் முகம் மலர்ந்தது. அதற்குள் அதன் மேலேயே, வானத்திலிருந்து சொல்வதுபோல் தெளிவாக, லூர்தம்மாள்.

"...நல்ல கட்டி இல்லியாம். சீக்கிரமா ஆபரேஷன் பண்ணிடணுமாம். ஷாரனுக்கு இன்னும் தெரியாது. பாட்டு முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்னு பாஸ்கல் சொல்லிக்கீறான்..."

மூன்றாவது சரணம் எழுந்து நின்று பாடியது. தினகரன் நிறுத்தினான். கை பட்டனிலேயே இருந்தது.

பாஸ்கலின் கையைப் பிடித்திருந்த விரல்கள் உடனே விடவில்லை. அதுதான் அவனுக்கு ரொம்பக் கொடுமையாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றாக விட்டன.

ஷாரன் தினகரனைப் பார்த்து விரலைச் சுழற்றினாள். மறுபடி போடு. தினகரன் பாஸ்கலைப் பார்த்தான்.

"அவனை இன்னா பாக்குறே?" என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. "போடு."

மறுபடி போட்டான். இந்தத் தடவை அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷாரு, வேணாம். நான் சொல்றேன். ஷாரு..."

மணி அடித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் யாருக்கும் போன் செய்ததேயில்லை. செய்து என்ன பேசுவாள்?

"ஷாரனா?" லூர்தம்மாளின் குரல் பதறியது. "இன்னாம்மா? நீயா போன் பண்றே? பாஸ்கலுக்கு எதனா ஆச்சா? மாதாவே! யாரு, யாராவது பேசுங்க!"

ஷாரன் போனைக் கூரையை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். தினகரனுக்குக் கையைக் காட்டினாள். அவனால் மறுக்க முடியவில்லை. மூன்றாவது தடவையாக மூச்சும், அதன் மேல் லூர்தம்மாளும் மேலிருந்து இறங்கி, போன் வழியாகக் கோவில்பதாகைக்குப் போனார்கள்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இது என் கொரலாச்சே" என்றார் லூர்தம்மாள் மெதுவாக. "இத்த யாரு புடிச்சு வெச்சாங்க? எதுக்கும்மா இப்ப இந்தப் பழசெல்லாம்? அன்னிக்கு ராத்திரியே உன்னாண்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னானே பாஸ்கல். நீதானே பாட்ட முடிச்சிட்டு வரேன், அதுவரைக்கும் யாரும் இதப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாதுன்னு சொன்னியாம்? அந்தத் தைரியத்தப் பாத்துட்டுத்தானே நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்னு நேர்ந்துகினேன்..."

தினகரன் தரையைப் பார்த்தான். ஷாரன் பாஸ்கலைப் பார்த்தாள். கண்ணில் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. சிலேட்டை மடியில் வைத்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அப்போ லேப்காரன்?"

பாஸ்கல் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"ஹலோ? ஷாரன்? பாஸ்கல், நீயாவது கீறியா?" போன் அவள் கையில் கத்திக்கொண்டேயிருந்தது. "ஹலோ... யாராவது பேசுங்களேன்."